ஷூட்டிங்கில் குழந்தைக்குத் துணையாகப் போகிறவர்களுக்கு

குழந்தை நடிகர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. புதிதாக வருபவர்களிடம் முதலில் சொல்வது, கேமரா எடுப்பதைக் காட்டும் மானிட்டர் பக்கம் போகாதீர்கள். போனால் காட்சி நன்றாக வருகிறதா என்று கவனம் போய்விடும். அதற்கு டைரக்டர் இருக்கிறார். ஃபிரேமுக்கு வெளியே, குழந்தை திரும்பினால் உங்கள் முகம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். "நீ காதைத் தொட்டால் நான் வந்துவிடுவேன்" என்று குழந்தையிடம் முன்பே பேசிவையுங்கள். எல்லார் முன்னாலும் பாத்ரூம் போகணும் என்று சொல்லக் கூச்சப்படும் குழந்தைகள் நிறைய. போவதற்கு முன் காலர் மைக்கை அணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சவுண்ட் எடுப்பவர் காதில் எல்லாமே விழும்.

அப்புறம் நேரம். வந்தது, மேக்கப்புக்கு உட்கார்ந்தது, ஓய்வு எடுத்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்தியாவில் 2017-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, 14 வயது நிரம்பாத குழந்தை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பொறுப்பாளருக்கு அதிகபட்சம் 5 குழந்தைகள். இங்கிலாந்தில் 12 வரை விடுகிறார்கள். என்னைக் கேட்டால் 5 பேரே அதிகம்!

"இன்னும் ஒரே ஒரு டேக்" என்பார்கள். அப்போது போய்ச் சண்டை போட்டுப் பலனில்லை. நேரம் முடிய அரை மணி இருக்கும்போதே உதவி இயக்குநரிடம், "சார், பாப்பாவோட க்ளோஸ்-அப்பை முதல்ல எடுத்துடுங்க, அப்புறம் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள். "பரவாயில்லை மேடம், அவ செய்வா" என்று பெற்றோரே வந்து நிற்கும் நாட்கள்தான் கஷ்டம். அவர்களிடமும் அதே பதில்தான்.

அழுகிற காட்சி என்றால் "கட்" சொன்னதும் குழந்தையிடம் போய்விடுங்கள். பாத்திரப் பெயரில் இல்லை, சொந்தப் பெயரில் கூப்பிடுங்கள். "சூப்பரா அழுதே" என்று யாரையும் பாராட்ட விடாதீர்கள். காட்சியில் திட்டியவரையே கூட்டிவந்து, பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பொம்மையைப் பற்றியோ ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைக்கு அந்தக் கோபம் நடிப்பு என்று புரிய அது போதும்.

உடை மாற்றும் அறைக்குள் போன் வேண்டாம், யாருடையதாக இருந்தாலும். கிளம்பும்போது குழந்தையை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.