பிரித்தானியாவில் டயட்டீஷியன் பதிவு: இலங்கை மலையகப் பட்டதாரிகள் கோப்பைத் தயார்செய்வது எப்படி?

பிரித்தானியாவில் 'டயட்டீஷியன்' (உணவுமுறை நிபுணர்) என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. எச்.சி.பி.சி. எனப்படும் சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் பேரவையின் பதிவேட்டில் இல்லாதவர் அந்தப் பெயரைப் பயன்படுத்தினால் அது குற்றம். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற பெயருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விரும்பினால் சேரக்கூடிய வேறொரு பதிவேடு அதற்கு உண்டு.

ஆகவே எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அங்கே டயட்டீஷியன் படிப்பில் குறைந்தது 1000 மணித்தியால நடைமுறைப் பயிற்சி அடங்கும். உங்கள் பட்டத்தில் உணவு விஞ்ஞானமும் ஆய்வுகூடமும் நிறைந்து, வார்டுப் பயிற்சி சில வாரங்களோடு முடிந்திருந்தால், விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்துமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

பெயர்

மலையகத்து விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் முதல் இடம் இதுதான். பிறப்புச் சான்றிதழில் 'செல்வராணி' மட்டும் இருக்கும். அடையாள அட்டையில் 'பெருமாள் செல்வராணி', பட்டச் சான்றிதழில் 'பெ. செல்வராணி', கடவுச்சீட்டில் தகப்பன் பெயரே குடும்பப் பெயர். போதாக்குறைக்கு, தோட்டத்துப் பிறப்பைச் சிங்களத்தில் பதிந்து பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றியதில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். இங்கே எல்லோருக்கும் புரியும் இந்த வித்தியாசம், அங்கே கோப்பைப் பார்ப்பவருக்கு வெவ்வேறு ஆட்களாகத் தெரியும்.

கடவுச்சீட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐஈஎல்டீஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கும் அதே எழுத்துக்கூட்டலில்தான் பதிய வேண்டும். பழைய சான்றிதழ்களில் உள்ள மற்றப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, ஒவ்வொரு வடிவத்தையும் எழுத்துப் பிசகாமல் அதில் குறிப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்துவதுதான் நிரந்தர வழி. அதற்குக் காலம் எடுக்கும் என்பதால் இறுதியாண்டுப் பரீட்சைக்கு முன்பே தொடங்குவது நல்லது.

சிங்களத்திலோ தமிழிலோ உள்ள ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக இன்னோர் எழுத்துக்கூட்டல் முளைத்துவிடும்.

லயத்து வீட்டில் மின்கட்டணப் பட்டியல் உங்கள் பெயரில் இருக்க வாய்ப்புக் குறைவு. முகவரிச் சான்றுக்கு வங்கிக் கணக்கு அறிக்கையே கைகொடுக்கும். வங்கியில் தோட்டம், பிரிவு, தபாலகம் மூன்றையும் முழுமையாகப் பதிந்துகொண்டு, விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள்.

பாடத்திட்டம்

பெறுபேற்றுப் பத்திரத்தில் 'மருத்துவப் போசணை, 3 கிரெடிட்' என்று மட்டும் இருந்தால் மதிப்பீட்டாளருக்கு ஒன்றும் புரியாது. நீங்கள் படித்த ஆண்டுக்குரிய விரிவான பாடத்திட்டத்தையே கேட்டு வாங்குங்கள். இன்றைய திருத்தப்பட்ட பதிப்பு உதவாது. எச்.சி.பி.சி. கேட்கும் பாடநெறி விவரப் படிவத்தைப் பல்கலைக்கழகம்தான் நிரப்ப வேண்டும். வெறும் படிவத்தை நீட்டினால் அது மேசையிலேயே கிடக்கும். பாடக் குறியீடு, விரிவுரை மணித்தியாலம், பயிற்சி நடந்த வைத்தியசாலை, மேற்பார்வையாளரின் பதவி ஆகியவற்றை அட்டவணையாக்கிக் கொடுத்தால் துறைத்தலைவர் சரிபார்த்துக் கையொப்பமிடுவது இலகு.

பயிற்சி ஏட்டில் 'வார்டுக்குப் போனேன்' என்று எழுதுவது வீண். டியூப் வழி உணவு கணக்கிட்டது, சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் குறைத்தது, இன்சுலின் போடுபவருக்கு மாச்சத்து எண்ணச் சொல்லிக்கொடுத்தது என்று செயலாக எழுதுங்கள். பட்டத்தில் உள்ள குறையைப் பின்னைய வேலை அனுபவம் ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் அதை எழுத்தில் உறுதிப்படுத்த ஒருவர் வேண்டும்.

ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டீஎஸ் அகடமிக் பரீட்சையில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக்கூடாது. பலரை விழுத்துவது எழுத்துப் பகுதிதான். பணம் கட்டுமுன் அப்போதைய நிபந்தனையை எச்.சி.பி.சி. தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

புதுப்பித்தல்

பதிவு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். டயட்டீஷியன்களுக்கு அந்தச் சுழற்சி இரட்டைப்படை ஆண்டின் ஜூன் 30ஆம் திகதி முடிகிறது: 2024, 2026 என்று. இடையில் பதிந்தவருக்கும் அதே திகதிதான். அறிவித்தல் மின்னஞ்சலுக்கு வரும் என்பதால், பல்கலைக்கழக மின்னஞ்சலில் பதிந்துவிட்டு அது மூடப்பட்டபின் திண்டாடாதீர்கள்.

புதுப்பிக்கத் தொடர்ந்து கற்க வேண்டும்; ஆனால் இத்தனை மணித்தியாலம், இத்தனை புள்ளி என்ற கணக்கு அங்கே இல்லை. கற்றதைத் தொடர்ந்து பதிந்துவரவேண்டும், பதிவு செய்தோரில் 2.5 வீதத்தினரைத் தெரிவுசெய்து கணக்காய்வு செய்வார்கள். மாட்டிக்கொண்டால் 500 சொல்லுக்குள் தொழில் சுருக்கம், 1500 சொல்லுக்குள் கற்றதை விளக்கும் கூற்று, அவற்றுக்கான ஆதாரங்கள் கேட்கப்படும். 'நீரிழிவுக் கருத்தரங்கில் கலந்துகொண்டேன்' என்ற பதிவு போதாது. 'காலையில் ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பிட்டு மலையேறும் கொழுந்து பறிப்பவருக்கு, பொது அட்டவணைக்குப் பதிலாக ரொட்டியின் அளவை வைத்து ஆலோசனை தரத் தொடங்கினேன். அடுத்த கிளினிக்கில் அவர் அதைக் கடைப்பிடித்திருந்தார்' என்றால் கற்றதும், மாறியதும், பயனடைந்தவரும் தெரிகிறார்கள். நோயாளியின் பெயரோ தோட்டமோ வரக்கூடாது.

தொழிலை விட்டு 2 முதல் 5 ஆண்டுகள் விலகியிருந்தால் 30 நாள், அதற்கு மேல் 60 நாள் அறிவைப் புதுப்பித்த சான்று தரவேண்டும். அதில் தனியாகப் படித்தது பாதிக்கு மேல் போகக்கூடாது. மிச்சத்தை மேற்பார்வையிலான வேலையாலோ முறையான படிப்பாலோ நிரப்ப வேண்டும். பிள்ளை பெற்று ஊரோடு இருந்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள், மேற்பார்வையாளர் ஒருவரைப் பேசி வைத்துக்கொண்டே விண்ணப்பத்தைத் தொடங்குவது நல்லது.