குமிழை 30-இல் வைத்தால் 30 வாட்தானா? ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்போர் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, பதினோராவது மாடி. அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்து ஓராண்டு ஆன தம்பி ஒருவர், ரேடியோவின் சிக்னலைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கியிருந்தார். ரேடியோவில் பவரை 30 வாட்டுக்குக் குறைத்துவிட்டு மைக்கை அழுத்தி, "சிக்யூ" என்று பொது அழைப்பைத் தொடங்கினார். "டப்" என்று ஒரு சத்தம், உடனே சிவப்பு விளக்கு. மூடியைக் கழற்றிப் பார்த்தோம். டிரான்சிஸ்டரின் மேல்மூடி விரிந்து, ஓரத்தில் கருகியிருந்தது. "30 வாட்டுக்கு மேல போகவே இல்லையே அண்ணே" என்றார். மீட்டரைப் பார்த்துத்தான் சொன்னார், பொய்யில்லை.

ஆனால் அந்த மீட்டருக்கு முழு உண்மை தெரியாது. பல ரேடியோக்களில் பவர் குமிழ், வெளியீட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏஎல்சி சுற்று வழியாகத்தான் வேலை செய்கிறது. சிக்னல் வெளியே வந்த பிறகே அதை அளந்து இழுத்துப் பிடிக்கும். அது இழுப்பதற்குள் முதல் அசையில் சில மில்லி விநாடி ரேடியோ தன் முழு பலத்தையும் கக்கிவிடும். 30-இல் வைத்த ரேடியோவிலிருந்து 100 வாட் துள்ளல் வருவது அரிதல்ல. ஊசி மீட்டர் அவ்வளவு வேகமாக நகராது. நம்பவில்லை என்றால் ரேடியோவை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கி வெப்பமாக்கும் மின்தடையில்) மாட்டி, அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். சற்று மௌனமாக இருந்துவிட்டு "ஹலோ" சொன்னால், முதல் கோடு மட்டும் மற்றவற்றை விட உயர்ந்து நிற்கும்.

அந்தத் துள்ளல் ஏன் கொல்கிறது? கணக்குப் போட்டால் விளங்கும். இன்றைய ஆம்ப்களில் வரும் எல்டிமாஸ் வகை டிரான்சிஸ்டர்கள் 20 டெசிபெலுக்கு மேல், அதாவது நூறு மடங்குக்கு மேல், பெருக்குபவை. 23 டெசிபெல் என்றால் 5 வாட் உள்ளே போனாலே வெளியே 1,000 வாட். சில ஆம்ப்களில் உள்ளேயே பவரைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வைத்து 50 வாட் வரை ஏற்கச் செய்திருப்பார்கள். சிலவற்றில் அது இருக்காது. "ஆம்ப் எல்லாம் ஒன்றுதான், 100 வாட் கொடுக்கலாம்" என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 3-500இசட் என்ற வெற்றிடக் குழாய் இரண்டு போட்ட பழைய ஆம்ப் 100 வாட்டை நிம்மதியாக வாங்கிக்கொள்ளும். டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு (சிக்னல் நுழையும் முனைக்கு) அந்தப் பொறுமை கிடையாது.

இதற்கு நான் நம்பும் தீர்வு ஒன்றே. ரேடியோவுக்கும் ஆம்புக்கும் நடுவே, சூட்டைத் தாங்கக்கூடிய அட்டெனுவேட்டர். 3 டெசிபெல் போட்டால் 100 வாட் துள்ளலும் 50 ஆகிவிடும். 30 வாட் வரை மட்டுமே ஏற்கும் ஆம்புக்கு 6 டெசிபெல் போட்டால் 100 வாட் துள்ளலும் 25-ஐத் தாண்டாது. ஆம்பிலிருந்து ரேடியோவுக்கு ஏஎல்சி கம்பி இழுப்பதை மட்டும் நம்பாதீர்கள். அதுவும் நடந்து முடிந்த பிறகு திருத்துவதே.

இன்னொரு ஆசை, கடைசி சொட்டு வரை பிழிவது. 400 வாட்டிலிருந்து 500-க்கு ஏற்றினால் கிடைப்பது 1 டெசிபெல்கூட இல்லை. சிக்னல் பலத்தைச் சொல்லும் அளவான ஒரு எஸ் யூனிட் என்பது 6 டெசிபெல். எதிர்முனையில் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் டிரைவை (ஆம்புக்குள் கொடுக்கும் பவரை) 1 டெசிபெல் கூட்டும்போது, பக்கத்தில் சிதறும் மூன்றாம் நிலைத் திரிபு ஏறக்குறைய 3 டெசிபெல் ஏறுகிறது, உச்சத்தை நெருங்கினால் இன்னும் மோசம். பக்கத்து அலைவரிசையில் மெல்லிய சிக்னலுக்குக் காத்திருப்பவரின் காதில் அது இரைச்சலாக விழும். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். டிரைவை ஏற்றிக்கொண்டே போய், வெளியீடு ஏற மறுக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து நன்றாகக் கீழே இறங்கி நில்லுங்கள்.

கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையில் 15 விநாடிச் சுற்றில் 12.6 விநாடி இடைவிடாமல் முழு பவர் ஓடும். பேச்சில் இருக்கும் மூச்சு விடும் இடைவெளி அதில் இல்லை. நம் ஊரில் அறையே 30 பாகையில் இருக்கும்போது ஹீட்சிங்க் அங்கிருந்துதான் சூடேறத் தொடங்குகிறது. பேச்சுக்குச் சொன்ன அளவில் பாதி போதும்.

ரேடியோவுக்குள் இருக்கும் ட்யூனரை (ஆன்டெனாவோடு பொருத்தும் சுற்றை) அழுத்தி ஆன்டெனாவைச் சரிசெய்துவிட்டதாக நினைப்பதும் உண்டு. ஆம்ப் வேலை செய்யும்போது அந்த ட்யூனர் காண்பது ஆம்பின் வாசலைத்தான். ஆன்டெனா அதற்கு அப்பால் இருக்கிறது. ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் 3 ஆனால் கால்வாசி பவர் ஆம்புக்கே திரும்பி வரும். ட்யூன் செய்வதானால் ஆம்பை அணைத்துவிட்டு, குறைந்த பவரில் செய்யுங்கள்.

வீவக வீட்டில் ஜன்னலோரம் மேக்னெட்டிக் லூப் (வளைய வடிவச் சிறிய ஆன்டெனா) வைத்திருப்போர் இதையும் கவனிக்க வேண்டும். அதன் கெபாசிட்டரில் 100 வாட்டுக்கே சில ஆயிரம் வோல்ட் எழும். அதற்கு மேல் போனால் தகடுகளுக்கிடையே பொறி பறக்கும். ரேடியோ அலையும் சுவரோடு நிற்காது; சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கட்டில் இருக்கலாம். உரிமத்தில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அனுமதித்த அளவு எவ்வளவாக இருந்தாலும், அந்தச் சுவருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நாம்தான் கணக்கிட வேண்டும்.

ஈசூன் தம்பி புது டிரான்சிஸ்டர் போட்டு, முன்னால் 6 டெசிபெல் அட்டெனுவேட்டரும் மாட்டிவிட்டார். லூப்பை ரேடியோவோடு மட்டும் ஓட்டுகிறார். ஆம்பை, வார இறுதியில் நண்பரின் தரைவீட்டுத் தோட்டத்தில் கட்டிய டைபோல் கம்பி ஆன்டெனாவுக்கு எடுத்துப் போகிறார்.