யுஎஸ்பி கேபிளை நீட்டிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிரிண்டரும் உள்ளறையில் கணினியும் இருக்கின்றன. எஸ்.பி. ரோட்டில் 5 மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒன்றை வாங்கி, பிரிண்டருடன் வந்த ஒன்றரை மீட்டர் கேபிளோடு சேர்த்தேன். ஒரு பக்கம் சரியாக அச்சாகும். பத்துப் பக்கம் கொடுத்தால் நான்காம் பக்கத்தில் நின்றுவிடும். பிரிண்டரையே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் கேபிள் நீளத்தைக் கூட்டிப் பார்க்கத் தோன்றியது.

முதல் தவறு அதுதான்: தரவுக் கேபிளையும் மின்சார எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் போலக் கருதி, ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொண்டே போவது. யுஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர் என்ற வரம்பு கம்பியின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. கணினி கேள்வி அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் மிகச் சிறியது என்பதால், சமிக்ஞை கேபிளைக் கடக்க 26 நானோ நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்று விதி வகுத்திருக்கிறார்கள். எவ்வளவு தடித்த செம்புக் கம்பி போட்டாலும் அந்த நேரம் குறையாது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால், உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் எக்ஸ்டென்ஷனோ, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்போ இடையில் வேண்டும். அவையும் தொடராக ஐந்துக்கு மேல் கூடாது. யுஎஸ்பி 3.0-க்கு நடைமுறை எல்லை இன்னும் குறைவு, ஏறத்தாழ 3 மீட்டர்.

இரண்டாவது, மின்னழுத்தத்தை மறப்பது. கேபிளின் உறையைக் கூர்ந்து பார்த்தால் 28, 24 என்று கேஜ் எண்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். மின்சாரம் செல்லும் கம்பியும் 28 கேஜாக இருந்தால், போக வர 10 மீட்டர் கம்பியில் சுமார் 2 ஓம் மின்தடை சேர்கிறது. 500 மில்லி ஆம்பியர் இழுக்கும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குக்கு 5 வோல்ட்டில் ஏறக்குறைய 4 வோல்ட்தான் போய்ச் சேரும். அது டக் டக்கென்று சத்தமிட்டபடி எழ முடியாமல் கிடக்கும். அதே கம்பி 24 கேஜானால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. இதற்காகத் தனி அடாப்டருள்ள ஹப்பை வாங்குபவர்களும் அதைக் கணினிப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அது சாதனத்தின் பக்கத்தில் இருந்தால்தான் பயன்.

டைப்-சி எக்ஸ்டென்ஷனைத் தவிர்ப்பதே நல்லது. ஒரு முனையில் பிளக்கும் மறுமுனையில் சாக்கெட்டும் உள்ள அத்தகைய ஆண்-பெண் கேபிளுக்கு யுஎஸ்பி தரநிலையிலேயே இடமில்லை. லேப்டாப் சார்ஜரை அதில் கோப்பது தேவையற்ற ஆபத்து.

நெட்வொர்க் கேபிள் வழியாக யுஎஸ்பியைக் கடத்தும் சிறு பெட்டிகளை வாங்குவோர், சாக்கெட் பொருந்துகிறதே என்று அவற்றை ரவுட்டரில் செருகிவிடுகிறார்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஓடுவது நெட்வொர்க் சமிக்ஞை அல்ல. இரு பெட்டிகளுக்கும் நடுவே நேரடிக் கேபிள் மட்டுமே இருக்க வேண்டும். ஒளியிழை வழியாக டிவிக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ ஆப்டிகல் கேபிளில் வேறொரு வேடிக்கை: அது ஒருவழிப் பாதை. ஃபால்ஸ் சீலிங்குக்குள் 15 மீட்டர் இழுத்து முடித்தபின் டிவி முனை கணினிப் பக்கம் வந்திருப்பதைக் கண்டால் மறுபடியும் ஏணிதான். இழுப்பதற்கு முன் தரையில் விரித்து, இரு முனையும் மாட்டிச் சோதித்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷனே கூடாது என்று சொல்லவில்லை. யுஎஸ்பி 3.0 போர்ட் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுவதால், வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை ஒரு முழக் கேபிளில் தள்ளி வைத்தால் தடுமாற்றம் நிற்பதுண்டு.

எங்கள் பிரிண்டரின் பின்புறத்தில் லேன் போர்ட் ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அதில் செருகும் ஈதர்நெட் (நெட்வொர்க்) கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். கூடத்து ரவுட்டரிலிருந்து பிரிண்டருக்குத் தேவைப்பட்டது இரண்டே மீட்டர்.