ஊட்டி மலை ரயிலில் பலர் செய்யும் தவறுகள்

ஊட்டிக்குப் போய் மலை ரயிலில் ஏறிவிட்டு, நீராவி இன்ஜினையே காணோமே என்று ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறையப் பேர். ஊட்டியில் ஏறி குன்னூரில் இறங்கிவிட்டால் அப்படித்தான் ஆகும், ஏனென்றால் அந்தப் பகுதியில் வழக்கமாக இழுப்பது டீசல் இன்ஜின். நீராவி இன்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் போக வேண்டும், அதுவும் முடிந்தால் மலை ஏறும் திசையில். இறங்கும்போதும் அதே இன்ஜின்தான், ஆனால் அது மூச்சு வாங்க உழைப்பதை ஏறும்போதுதான் கேட்க முடியும்.

அடுத்த தவறு, மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு நிலையம் வரும்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பது. பல் தண்டவாளம் தொடங்குவது அங்கேதான். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு, பக்கம் பக்கமாகப் போகும், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும், அதனால் இன்ஜினின் பல்சக்கரம் எந்த நேரமும் பிடியை விடாது. 12 அடி போனால் ஒரு அடி ஏறும் சரிவு இது, வெறும் சக்கரத்தை நம்பி ஏற முடியாது. இங்கே ஓடும் நீராவி இன்ஜின் எக்ஸ் வகை, அதில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். சமதரையில் கீழே இருப்பவை மட்டும் வேலை செய்யும். பல் தண்டவாளத்தில் ஏறியதும், கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த இந்த வடிவமைப்பில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையே புது இன்ஜின்கள் செய்திருக்கிறது, நான் பெருமையாகச் சொல்லும் விஷயம் இது.

முன் பெட்டியில் இடம் கிடைத்தால் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். சத்தமும் ஆவியும் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டி, எதிரே விரியும் பாதை வேண்டுமென்றால் முதல் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஆள் நிற்பார், அவர் நிற்கும் இடத்தில் போட்டோவுக்காகப் போய் இடைஞ்சல் செய்யாதீர்கள், அத்தனை பேரின் பாதுகாப்பும் அவர் கையில் இருக்கிறது.

டார்ஜிலிங் ரயிலும் இதுவும் ஒன்றுதான் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது 2 அடி அகலப் பாதை, பல் தண்டவாளமே கிடையாது, வளையம் போட்டும் முன்னும் பின்னும் போயும் ஏறுகிறது. நம்முடையது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது 1999-இல் சேர்ந்தது, நீலகிரி 2005-இல். இன்னொன்று, 1899-இல் ரயில் குன்னூர் வரைதான் வந்தது, ஊட்டியை எட்டியது 1908-இல்.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவு ஏற்பட்டால் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள், அதனால் அந்த மாதங்களில் இதை மட்டும் நம்பித் திட்டம் போடாமல் பஸ்ஸையும் யோசித்து வையுங்கள். மற்ற மாதங்களில் டிக்கெட்டை முடிந்தவரை முன்கூட்டியே போடுங்கள், கோடை விடுமுறையில் கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் பிடிக்கும்போது இறங்கிப் பார்க்கலாம், ஆனால் அங்கிருக்கும் குரங்குகளுக்குத் தீனி மட்டும் போடாதீர்கள், பழகிவிட்டால் அடுத்த ரயிலில் வருகிறவர் கையிலிருப்பதையும் பிடுங்கும்.