விண்வெளி வீரர் சொன்னது சரியாக என்ன?

விண்வெளி வீரரின் மேற்கோளை வார்த்தையை வைத்துத் தேடாதீர்கள், நேரத்தை வைத்துத் தேடுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்கு இது ரொம்ப உதவும்.

அமெரிக்காவின் அப்பல்லோ விண்வெளிப் பயணங்களில் வீரர்கள் பூமியோடு பேசியதை நாசா தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் நாள், மணி, நிமிடம், நொடி இருக்கும். வார்த்தை வாய்க்கு வாய் மாறும்; அந்த எண் மாறாது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 கிளம்பி 2 நாள் 7 மணி 55 நிமிடம் என்ற இடத்துக்குப் போனால், அதன் தலைவர் ஜிம் லவல் ஹூஸ்டனில் இருந்த கட்டுப்பாட்டு மையத்திடம் சொன்னது "ஹூஸ்டன், வீவ் ஹேட் எ ப்ராப்ளம்" (ஒரு கோளாறு ஏற்பட்டது). நாம் மேடையில் முழங்கும் "வீ ஹேவ்" (கோளாறு இருக்கிறது) சினிமாவில் வந்தது. பிள்ளைகளுக்குச் சரியானதையே சொல்லிக் கொடுப்போமே!

திரும்பி வந்தபின் கொடுத்த பேட்டிகளுக்கு இது உதவாது. 1984இல் இந்திரா காந்தியிடம் ராகேஷ் சர்மா சொன்ன பதிலுக்கும் அப்படித்தான், அது சோவியத் விண்கலப் பயணம், நாசாவின் பதிவில் இருக்காது. அதற்கு ஒளிப்பதிவைத்தான் பார்க்க வேண்டும்.