காரம் ஏறாமல் மிளகாய் மணத்தை இறக்குவது எப்படி

எத்தனை மிளகாய் போட வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதை என்ன செய்து போட வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு, ஆனால் ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது. காரம் வேறு, மணம் வேறு. காரத்தைத் தருகிற கேப்சைசினுக்கு வாசனையே கிடையாது. நாம் மயங்குகிற அந்த வாசம் மிளகாயின் சதையிலும் தோலிலும் இருக்கிறது.

விதையை எடுத்தால் காரம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். காரம் உண்டாவது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில்தான், அதோடு உரசிக் கிடப்பதால் விதையும் காரமாகத் தெரிகிறது. நீளவாக்கில் கீறி ஸ்பூன் நுனியால் நரம்பை வழித்து எடுத்துவிட்டால், இரண்டு மிளகாய் போடும் இடத்தில் தாராளமாக நாலு போடலாம்.

காய்ந்த மிளகாய்க்கு வறுப்பதுதான் உயிர். வெறும் வாணலியில், மிதமான தீயில், கிளறிக்கொண்டே அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வறுத்தால் போதும். லேசாக உப்பி, நிறம் ஒரு சாயல் மாறி, வாசம் எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். கறுத்துவிட்டாலோ தொண்டையைக் கமறும் நெடி கிளம்பிவிட்டாலோ தயங்காமல் கொட்டிவிட்டுப் புதிதாக வறுங்கள், ஏனென்றால் அந்தக் கசப்பை எந்தப் புளிப்பும் இனிப்பும் மறைக்காது. வறுத்ததை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து அரைத்தால் விழுது வெண்ணெய் மாதிரி வரும். ஊறிய தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் கொட்டிவிடலாம்.

எண்ணெய் ஏன் முக்கியம் என்றால், காரமும் மிளகாயின் சிவப்பு நிறமும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கொதிக்கும் தண்ணீரில் தூளைத் தூவினால் பச்சை வாசனை அடிப்பதற்கு அதுதான் காரணம். அதற்காகச் சூடான எண்ணெயில் நேரே கொட்டவும் கூடாது, சில நொடிகளில் கருகிவிடும். வெங்காயம் தக்காளி வதங்கி ஈரம் இருக்கும்போது தீயைக் குறைத்துத் தூளைப் போட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே சமையல் மாறிவிடும்.

புதிய மிளகாய் பெரிதாக, சதைப்பற்றாக இருந்தால் நேரடித் தீயில் சுடுங்கள். தோல் முழுக்கக் கறுத்ததும் ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். அவசரத்தில் குழாயடியில் காட்டிக் கழுவிவிடாதீர்கள், சுட்ட மணமெல்லாம் தண்ணீரோடு போய்விடும், கையாலேயே உரிக்கலாம்.

அப்புறம், ஒரே மிளகாயிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கக் கூடாது. காஷ்மீரி மிளகாய் நிறத்தை அள்ளித் தரும், காரம் குறைவு. ஹலபேனோ என்ற மெக்சிகோ மிளகாயைப் பழுத்தபின் புகைபோட்டு உலர்த்தினால் அதுவே சிப்போட்லே, காய் ஒன்றுதான், மணமோ முற்றிலும் வேறு. நிறத்துக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று, காரத்துக்குக் கொஞ்சம் என்று கலந்து போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

மீறிக் காரம் கூடிவிட்டதா? தண்ணீர் ஊற்றினால் சாறு நீர்த்துப்போகுமே தவிர ருசி வராது. தயிரோ, பாலாடையோ, அரைத்த முந்திரியோ சேருங்கள், கொழுப்பும் பால் புரதமும் காரத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை சர்க்கரை. சரி, மிளகாய் நறுக்கிய கையை முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண்ணைத் தொட்டால் அரை மணி நேரமாவது எரியும்.