ரம்மி தெரிந்தவர்களுக்கு டெக்சாஸ் ஹோல்டம்: முதல் ஆட்டம் வரை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தில் அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து கூடத்தில் பாய் விரித்து ஆடும் சீட்டாட்டமும், கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு ஜமக்காளத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் சீட்டாட்டமும் பெரும்பாலும் ரம்மியாகவே இருக்கும். அந்த ரம்மி தெரிந்த ஒருவர், போக்கர் வகைகளில் மிகவும் பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டத்தை எந்த வரிசையில் கற்றால் குழப்பம் குறையும் என்பதை இங்கே பார்க்கலாம். பல விளக்கங்கள் பத்து வகைக் கைகளின் (ஐந்து சீட்டுக் கூட்டுகளின்) பட்டியலில் தொடங்குகின்றன. பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடலாம். ஆனால் யார், எப்போது, எவ்வளவு வைக்க வேண்டும் என்ற முறை கைக்கு வராமல் ஒரு சுற்றுகூட நகராது என்பதால், நாம் அதிலிருந்தே தொடங்குவோம்.

தேவையானவை

ஜோக்கர்களை நீக்கிய 52 சீட்டுகள் கொண்ட ஒரே ஒரு கட்டு, நான்கு பேர், ஆளுக்கு 100 புளியங்கொட்டை. காசு வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் தடை செய்கிறது; வீட்டில் கற்றுக்கொள்வதற்குப் பல்லாங்குழிக்கு எடுத்து வைத்த கொட்டைகளே தாராளம். ஆனால் கொட்டைக்கு மதிப்பு இருப்பதாக எல்லோரும் நினைத்து ஆட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொருவரும் எல்லா ஆட்டத்திலும் கடைசி வரை நின்று விடுவார்கள், விளையாட்டு விளங்காது.

உட்காரும் முறையும் கட்டாய வைப்பும்

காட்பாடி மாமா, அவருக்கு இடப்பக்கம் ஆம்பூர் அத்தை, அடுத்துக் குடியாத்தம் சித்தப்பா, கடைசியாக நீங்கள் என்று வட்டமாக உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த ஆட்டத்தில் சீட்டுப் போடுபவர் மாமா. அதற்கு அடையாளமாக ஒரு பெரிய சட்டைப் பட்டனை அவர் முன்னால் வையுங்கள். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு இடப்பக்கத்தில் இருக்கும் அத்தை 1 கொட்டையும் (ஸ்மால் பிளைண்டு), அடுத்திருக்கும் சித்தப்பா 2 கொட்டையும் (பிக் பிளைண்டு) நடுவில் வைத்தாக வேண்டும். இந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் நல்ல சீட்டு வரும்வரை யாரும் எதையும் வைக்காமல் சும்மா காத்திருப்பார்கள். பிறகு கட்டைக் கலைத்து, வெட்டி, அத்தையிலிருந்து தொடங்கி ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மட்டும் கவிழ்த்துப் போடப்படும். ரம்மியில் வருவதுபோல எடுப்பதும் கழிப்பதும் இதில் கிடையாது. கையில் வந்த இரண்டும் ஆட்டம் முடியும்வரை அப்படியே இருக்கும்.

நான்கு பந்தயச் சுற்றுகள்

முதல் சுற்று கையில் உள்ள இரண்டு சீட்டுகளை வைத்து நடக்கிறது. பிறகு மேலுள்ள ஒரு சீட்டைப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டு மூன்று சீட்டுகளை நடுவில் திறந்து வைப்பார்கள், இது ஃபிளாப். அடுத்து ஒரு சீட்டு, இது டர்ன். கடைசியாக இன்னொன்று, இது ரிவர். டர்னுக்கும் ரிவருக்கும் முன்பும் அதேபோல ஒரு சீட்டு ஒதுக்கப்படும். மேல் சீட்டின் முதுகில் மடிப்போ கறையோ இருந்து யாராவது அதை அடையாளம் கண்டிருந்தால் அது பயன்படாமல் போவதற்கே இந்த ஏற்பாடு. ஒவ்வொரு திறப்புக்குப் பிறகும் ஒரு பந்தயச் சுற்று நடக்கும். நடுவில் இருக்கும் ஐந்து சீட்டுகளும் எல்லோருக்கும் பொது. அவற்றையும் கையில் உள்ள இரண்டையும் சேர்த்த ஏழில் மிகச் சிறந்த ஐந்துதான் உங்கள் கை.

உங்கள் முறை வரும்போது, அந்தச் சுற்றில் யாரும் இன்னும் வைக்கவில்லை என்றால் ஒன்றும் வைக்காமல் செக் சொல்லலாம் அல்லது பெட் வைக்கலாம். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தால் அதே அளவு வைத்துக் கால் சொல்லலாம், அதைவிடக் கூட்டி ரெய்ஸ் செய்யலாம், சீட்டைக் கவிழ்த்து ஃபோல்டு செய்து வெளியேறலாம். ரெய்ஸ் செய்பவர் முந்தைய உயர்வின் அளவாவது கூட்ட வேண்டும். மிச்சமிருக்கும் எல்லாக் கொட்டைகளையும் வைப்பது ஆல் இன். அப்படி வைத்தவர், தான் வைத்த அளவுக்கு மட்டுமே ஒவ்வொருவரிடமிருந்தும் வெல்ல முடியும்.

ஒரு முழு ஆட்டம்

உங்களுக்கு ஆர்ட்டின் ஏஸும் இஸ்பேட் ராஜாவும் வந்திருக்கின்றன. முதல் சுற்றில் பிக் பிளைண்டுக்கு அடுத்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்பதால் நீங்கள் தொடங்கி, 6 ஆக ரெய்ஸ் செய்கிறீர்கள். மாமா கால். அத்தை ஃபோல்டு, அவர் வைத்த 1 நடுவிலேயே கிடக்கும். சித்தப்பா இன்னும் 4 போட்டுக் கால். நடுவில் 19.

ஃபிளாப்பில் டைமன் ராஜா, கிளாவர் 9, ஆர்ட்டின் 4. இனிமேல் எல்லாச் சுற்றுகளிலும் பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர்களில் ஆட்டத்தில் மிஞ்சிய முதல் ஆள் தொடங்க வேண்டும். அத்தை விலகியதால் அவர் சித்தப்பா. அவர் செக். நீங்கள் 10 வைக்கிறீர்கள், மாமா சீட்டைக் கவிழ்க்கிறார், சித்தப்பா கால். நடுவில் 39. டர்னில் இஸ்பேட் 7. சித்தப்பா மறுபடி செக், நீங்கள் 20, அவர் கால். நடுவில் 79. ரிவரில் டைமன் 2. இருவரும் செக்.

சீட்டைக் காட்டும்போது சித்தப்பாவிடம் கிளாவர் ராஜாவும் கிளாவர் ராணியும் இருக்கின்றன. இருவருக்குமே ராஜா ஜோடிதான். அப்போது ஐந்தில் மீதமுள்ள சீட்டுகளைப் பெரியதிலிருந்து ஒப்பிட வேண்டும்: உங்களுக்கு ஏஸ், 9, 7, அவருக்கு ராணி, 9, 7. ஏஸ் பெரியது என்பதால் 79 கொட்டையும் உங்களுக்கு. ஜோடிக்குத் துணையாக நிற்கும் இந்தச் சீட்டுக்குக் கிக்கர் என்று பெயர். ராஜா வந்துவிட்டதே என்று துணைச் சீட்டைப் பார்க்காமல் நின்று தோற்பது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கும். ஐந்து சீட்டும் சமமானால் நடுவில் உள்ளதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இஸ்பேட், கிளாவர் என்ற இனங்களுக்குள் பெரியது சிறியது கிடையாது.

கைகளின் வரிசை

சிறியதிலிருந்து பெரியதாக: பெரிய சீட்டு, ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, வரிசையாக ஐந்து (ஸ்ட்ரெய்ட்), ஒரே இனத்தில் ஐந்து (ஃபிளஷ்), மூன்றும் ஜோடியும் (ஃபுல் ஹவுஸ்), ஒரே எண்ணில் நான்கு, ஒரே இனத்தில் வரிசை (ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ்), அதிலும் உச்சமாக ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை (ராயல் ஃபிளஷ்).

மூன்று சீட்டு ஆடிப் பழகியவர்கள் இங்கே நிச்சயம் சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் அதில் வரிசை கலரை (ஒரே இனச் சீட்டுகளை) வெல்லும், இதில் கலர் வரிசையை வெல்லும். வரிசை, கலர் இவற்றைப் பொறுத்தவரை இரண்டு ஆட்டத்திலும் கணக்கு ஒன்றுதான், அரிதாக வருவது உயர்ந்தது. மூன்று சீட்டில் சாதாரண வரிசை 720 விதமாகவும் கலர் 1,096 விதமாகவும் அமையும்; ஐந்து சீட்டில் மொத்தமுள்ள 25,98,960 கூட்டுகளில் வரிசை 10,200, கலர் 5,108 மட்டுமே. வரிசையில் ஏஸ் இரு முனையிலும் நிற்கலாம்: ஏஸ், 2, 3, 4, 5 செல்லும், 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் செல்லும். ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்று சுற்றிக்கொண்டு போவது செல்லாது.

எதைக் கவிழ்ப்பது

இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக வரலாம். அவற்றில் ஏஸ் ஜோடி 6 விதம், அதாவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. ஆகவே அதற்காகக் காத்திருக்க முடியாது; அதேசமயம் 9 ஒரு இனம், 4 வேறு இனம் என்று வந்தால் ஆசைப்படாமல் கவிழ்த்துவிடுவது நல்லது. என் கணிப்பில் தொடக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களை முதல் சுற்றிலேயே விட்டுவிட வேண்டும். ஃபிளாப்பிலிருந்து கடைசியில் பேசும் இடத்தில், அதாவது பட்டன் உங்களிடம் இருக்கும்போது, மற்றவர்கள் செய்வதைப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்பதால் கொஞ்சம் சுமாரான சீட்டோடும் நிற்கலாம்.

அடுத்த ஆட்டத்துக்குப் பட்டன் அத்தைக்குப் போகிறது. சித்தப்பா 1 வைக்கிறார், நீங்கள் 2 வைக்கிறீர்கள், முதலில் பேசுபவர் மாமா. இரண்டு பேர் மட்டும் ஆடினால் பட்டன் வைத்திருப்பவரே ஸ்மால் பிளைண்டு வைத்து முதல் சுற்றில் முதலில் பேசுவார், பிறகு வரும் சுற்றுகளில் கடைசியில் பேசுவார்.